கம்பவுண்ட் கட்டியவர் குற்றவாளியா?



கிள்ளானிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். தீபாவளி நெருங்கினால் தெங்கு கிளானா சாலைப் பக்கம் நடைபாதையில் மேசை போட்டு முறுக்கும் அதிரசமும் விற்பவர். லைசன்ஸ் எடுத்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு ஒருநாள், அவர் வீட்டுக்குப் போய் இன்னொரு டின் முறுக்கு எடுத்து வருவதற்குள் அமலாக்க அதிகாரிகள் வந்துவிட்டார்கள். மேசையில் இருந்தவன் மகன். அவனுடைய ஐ.சி.யை வாங்கி, அவன் பெயரிலேயே கம்பவுண்ட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தாயார் மறுவாரமே பணத்தைக் கட்டிவிட்டார். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள்.

இப்போது மகன் துறைமுகப் பக்கம் ஒரு கம்பெனிக்கு மனுப் போடுகிறான். பாரத்தின் கடைசிப் பக்கத்தில் மலாயில் ஒரு கேள்வி: நீங்கள் எப்போதாவது நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டதுண்டா? பக்கத்தில் ‘யா’, ‘திடாக்’ என்று இரண்டு கட்டங்கள். கடிதத்தில் பாதி நடந்த கதை, மீதி முழுக்கப் பயம். “யான்னு போட்டா கூப்பிடவே மாட்டாங்க. திடாக்னு போட்டுப் பிறகு தெரிய வந்தா பொய்யன்னு துரத்திடுவாங்க. என் பிள்ளை எதைப் போடுறது ஐயா?”

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா. கேள்வி நீங்கள் எழுதியிருக்கிற அதே வாசகத்தில் இருந்தால் ‘திடாக்’ போடலாம். அது பொய்யில்லை. பயப்படாமல் பாரத்தை அனுப்பச் சொல்லுங்கள். இந்த வருடக் கடைக்குத் தற்காலிக லைசன்ஸுக்கு முன்கூட்டியே விசாரியுங்கள், உங்கள் பெயரில்.

காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. இதே கேள்வி பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் செந்தூலிலிருந்தும் வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. காரை நிறுத்தியதற்கு வாங்கிய சீட்டு, நாய்க்கு லைசன்ஸ் எடுக்காததற்கு வாங்கிய சீட்டு, கடை வாசலில் நடைபாதையை அடைத்துச் சாமான் வைத்ததற்கு வாங்கிய சீட்டு. நான் வழக்கறிஞர் இல்லை. எழுதுமுன் சட்டப் பிரிவுகளை எடுத்து வைத்துப் படித்தேன், அவ்வளவுதான்.

மாநகர் மன்றங்களும் நகராண்மைக் கழகங்களும் போடுகிற துணைச் சட்டங்களுக்கு அஸ்திவாரம் 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், சட்ட எண் 171. அதன் 119ஆவது பிரிவு, துணைச் சட்டத்தை மீறுகிறவருக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடம் தருகிறது. முறுக்கு விற்றதற்கு ஓராண்டா என்று திடுக்கிட வேண்டாம். அது உச்ச எல்லை. அடுத்த பிரிவான 120தான் நமக்கு வேண்டியது. நீதிமன்றம் வரை இழுக்காமல், ஒரு தொகையை வாங்கிக்கொண்டு விஷயத்தை முடித்துவிட மன்றத்துக்கு அது அதிகாரம் தருகிறது. அந்த ஏற்பாட்டைத்தான் நாம் கம்பவுண்ட் என்கிறோம். சாலையோரம் காரை நிறுத்துகிற விவகாரம் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. அங்கேயும் கம்பவுண்ட் என்றால் இதே ஏற்பாடுதான்.

அடுத்த முறை கையில் கிடைத்தால் அந்தச் சீட்டைக் கிழித்துப் போடாமல் நிதானமாகப் படித்துப் பாருங்கள். கையடக்க இயந்திரம் துப்புகிற மெல்லிய தாள். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே ரெண்டு மாதம் வெயிலில் கிடந்தால் எழுத்தே இருக்காது. பெயர், ஐ.சி. எண் அல்லது வண்டி எண், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, இடம், நேரம், அதிகாரியின் எண் எல்லாம் இருக்கும். கீழே இரண்டு செய்தி: இந்தக் குற்றத்தை இவ்வளவு தொகைக்கு முடித்துக்கொள்ள முன்வருகிறோம், குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் நீதிமன்ற நடவடிக்கை எடுப்போம். முன்வருவது மன்றம். ஏற்பதும் மறுப்பதும் நம் விருப்பம். ஏற்றுப் பணம் கட்டினால் அந்த விஷயத்தில் வழக்கு இல்லை. வழக்கில்லாத இடத்தில் தீர்ப்பு எங்கிருந்து வரும்? கையில் மிஞ்சுவது ஒரு ரசீது. அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அல்லது போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ஆக, கட்டிய கம்பவுண்ட் பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கெடுப்பதில்லை. கட்டாத கம்பவுண்ட் கெடுக்கலாம். தள்ளுபடி அறிவிப்பு எப்போதாவது வரும், பாதி விலையில் கட்டிக்கொள்ளலாம் என்று சீட்டுகளைச் சேர்த்து வைக்கிற பழக்கம் நம்மிடம் நன்றாகவே இருக்கிறது. தள்ளுபடி வரத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன் சம்மன் வந்து, அது பழைய வீட்டு முகவரிக்குப் போய், போக வேண்டிய தேதியில் போகாமல் இருந்தால், கார் நிறுத்திய விவகாரம் பிடியாணை விவகாரமாக மாறிவிடும். கிராப் ஓட்ட நினைக்கிற இளைஞர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் புரியும். 2019இலிருந்து இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்குப் பி.எஸ்.வி. லைசன்ஸ் கட்டாயம். போலீஸிலோ ஜே.பி.ஜே.யிலோ கறுப்புப் பட்டியலில் பெயர் இருந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்று இருக்கிறது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் சற்று நின்று சொல்கிறேன். “கோர்ட்டுக்குப் போ, மாஜிஸ்திரேட் குறைச்சுக் கொடுப்பாரு” என்று பெரியவர்கள் யோசனை சொல்வது வழக்கம். பல சமயம் குறைத்தும் கொடுக்கிறார்கள். நூற்றைம்பது வெள்ளி கம்பவுண்டை எண்பது வெள்ளியாக்கிக்கொண்டு ஒருவர் சிரித்த முகத்தோடு வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுபது வெள்ளி மிச்சம். ஆனால் அவர் திறந்த நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மாஜிஸ்திரேட் விதித்த அபராதத்தைக் கட்டிவிட்டு வந்திருக்கிறார். அது தீர்ப்பு. இனி அந்தக் கட்டத்தில் ‘திடாக்’ என்று போட அவருக்கு வழியில்லை. ஓய்வுபெற்ற தாத்தாவுக்கு இதனால் ஒன்றும் குறைந்துவிடாது. எஸ்.பி.எம். முடித்து, போலீஸ், சுங்கம், குடிநுழைவு என்று மனுப் போடக் காத்திருக்கிற இருபது வயதுக்காரனுக்கு அந்த எழுபது வெள்ளி விலை அதிகம்.

கண்டிப்பாக நீதிமன்றம் போயே தீர வேண்டும் என்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173ஏ என்று ஒரு பிரிவு இருப்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். குற்றம் நிரூபணமானாலும், ஆளின் வயது, நடத்தை, குற்றத்தின் சிறுமை இவற்றைப் பார்த்து, தண்டனைத் தீர்ப்பைப் பதிவு செய்யாமலே விடுவிக்கவோ நன்னடத்தைப் பிணையில் விடவோ நீதிமன்றத்துக்கு அது இடம் தருகிறது. தானாகக் கிடைத்துவிடும் என்று இருக்கக் கூடாது, கேட்க வேண்டும். முதன்முறைக் குற்றவாளிகளுக்கான 294ஆவது பிரிவும் பிணையில் விடுகிறது, ஆனால் அங்கே தீர்ப்பு பதிவாகிவிடும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. கோலாலம்பூர் வழக்கறிஞர் கழகத்தின் சட்ட உதவி மையத்தில் கேட்டால் இந்த வித்தியாசத்தைப் பொறுமையாக விளக்குவார்கள். போவதற்கு முன்பே கேளுங்கள், போய்விட்டு வந்து கேட்பதில் பயனில்லை.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் 18இல் ஆணை வந்தது. மீறியவர்களுக்கு 1,000 ரிங்கிட் கம்பவுண்ட் என்றார்கள். ஏப்ரல் நடுவில் கம்பவுண்ட் கிடையாது, நேரே நீதிமன்றம் என்றார்கள். 2021 மார்ச் 11 முதல் தனிநபருக்கான கம்பவுண்ட் 10,000 ரிங்கிட் வரை போகலாம் என்றார்கள். இதில் எந்த வாரத்தில், யாரிடம் மாட்டினோம் என்பதைப் பொறுத்து ஒரே பிளாட்டில் எதிரெதிர் வீட்டு இளைஞர்களில் ஒருவன் கம்பவுண்ட் கட்டினான், மற்றவன் லோக்கப்பில் இருந்துவிட்டு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். செய்த தப்பு ஒன்றே: இரவில் கீழே இறங்கி வந்தது. பாரத்தில் இருவரின் பதிலும் ஒன்றல்ல.

இன்று புதிதாக ஒரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் குப்பை போடுகிறவர்களுக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதத்தோடு, 12 மணி நேரம் வரை சமூகச் சேவை செய்யும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். துன் சம்பந்தன் சாலையில் மாலை வேளைகளில் காலடியில் மிதிபடுகிற சிகரெட் துண்டுகளையும் தண்ணீர்ப் போத்தல்களையும் பார்க்கிற எவரும் இந்தச் சட்டத்தை எதிர்க்க மாட்டார்கள். நானும் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த உத்தரவைப் போடுவது நீதிமன்றம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். கூட்டுகிற வேலை அன்றோடு முடிந்துவிடும், தீர்ப்பு முடியாது.

பாரங்களுக்கு வருவோம். எல்லாப் பாரமும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. ‘நீதிமன்றத்தில் தீர்ப்பளிக்கப்பட்டதுண்டா’ என்பது ஒரு கேள்வி. ‘கைது செய்யப்பட்டதுண்டா, குற்றம் சாட்டப்பட்டதுண்டா’ என்பது அதைவிட அகலமானது. ‘எந்தச் சட்டத்தையாவது மீறியதுண்டா’ என்று கேட்கிற மகாத்மாக்களும் இருக்கிறார்கள். சாலை நடுவில் கடந்தவர்கூட அதில் மாட்டிக்கொள்வார். அரசாங்க வேலைக்குப் போகிறவர்களுக்கு நியமனத்தோடு பாதுகாப்புச் சோதனை உண்டு. அந்தப் பாரத்தை அவசரத்தில் நிரப்பாதீர்கள். வெளிநாடு போகிறவர்களிடம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டால், அதற்கு விஸ்மா புத்ராவிடம் மனுப் போட வேண்டும். போலீஸ் பதிவுகளைப் பார்த்த பிறகுதான் அது கிடைக்கும்.

ஜொகூரைக் கடந்தால் விதிகளும் மாறும். சிங்கப்பூரில் 2005இலிருந்து ஒரு ஏற்பாடு இருக்கிறது. அபராதம் 2,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் போகாமல், அல்லது சிறை மூன்று மாதத்துக்கு மேல் போகாமல் இருந்து, வேறு தண்டனையும் இல்லாமல், ஐந்து வருடம் ஒழுங்காக இருந்துவிட்டால், கடுங்குற்றங்கள் தவிர மற்றவற்றுக்குப் பதிவு கழிந்ததாகக் கருதப்படும். தனக்குக் குற்றப்பதிவு இல்லை என்று அவர் சட்டப்படியே சொல்லலாம். பிரிட்டனில் 1974இலேயே அப்படிச் சட்டம் போட்டுவிட்டார்கள். இன்று அங்கே பெரியவர்களுக்கு விதித்த அபராதம் ஒரு வருடத்தில் கழிந்துவிடுகிறது. ஆஸ்திரேலியா விசா பாரத்தின் போக்கு நேர் எதிர். அழிக்கப்பட்ட பதிவையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறது. அமெரிக்கக் குடியுரிமைப் பாரம் கைதோடு நிற்காமல், அதிகாரி சீட்டு எழுதிக் கொடுத்ததையும் கேட்கிறது. கேள்வியை இருமுறை படியுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கேட்காததை ஒப்பிக்கவும் வேண்டாம், கேட்டதை மறைக்கவும் வேண்டாம்.

நம் நாட்டில் அப்படிப் பதிவு கழிகிற பொதுச் சட்டம் எதுவும் இல்லை. குற்றவாளிகளின் பதிவு 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி வைக்கப்படுகிறது. சின்னக் குற்றங்களுக்காவது காலக்கெடு வையுங்கள் என்ற பேச்சு எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. இந்தப் பத்திரிகை அந்தப் பேச்சின் பக்கம்தான் நிற்கும்.

அகலமான கேள்வி வந்தால் என்ன எழுதுவது? ஒரு வரி போதும். கிள்ளான் தாயாரின் மகனுக்கு அப்படி ஒரு பாரம் வந்தால் இப்படி எழுதலாம்: “குடும்பத்தின் பண்டிகைக் காலக் கடைக்கு லைசன்ஸ் இல்லாததற்காக ஒரு கம்பவுண்ட், உடனே கட்டப்பட்டது, நீதிமன்ற வழக்கு இல்லை.” வருடத்தைப் போட்டு, ரசீதின் நகலை இணைத்துவிட்டால் முடிந்தது. அம்மா பாவம், வறுமை, அதிகாரி காது கொடுத்துக் கேட்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதினால், படிக்கிறவருக்கு இல்லாத சந்தேகமும் வந்துவிடும்.

வேலை போவது பெரும்பாலும் அந்தக் கம்பவுண்டுக்காக அல்ல, அதை மறைத்ததற்காக. பாரத்தின் அடியில் “மேற்கண்ட விவரங்கள் உண்மை, தவறென்றால் பணிநீக்கம் செய்யலாம்” என்று ஒரு வரி இருக்கும். அதன் கீழேதான் நாம் கையெழுத்துப் போடுகிறோம். அநியாயமாக நீக்கினார்கள் என்றால் 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம், 20ஆவது பிரிவின் கீழ் 60 நாளுக்குள் புகார் செய்யலாம். ஆனால் கையெழுத்துப் போட்டுச் சொன்ன பொய்யோடு தொழில் நீதிமன்றத்தில் போய் நிற்பது சங்கடம்.

நம் வாசகர்களில் முதலாளிகளும் நிறையப் பேர். பிரிக்பீல்ட்ஸில் உணவகம் நடத்துகிறவர்கள், கிள்ளானில் லாரி வைத்திருப்பவர்கள், கிளினிக் நடத்துகிற டாக்டர்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் செய்த அல்லது செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்தைப் பற்றிய விவரத்தை, உடல்நலம், மத நம்பிக்கை, அரசியல் கருத்து ஆகியவற்றோடு சேர்த்து, உணர்திறன் மிக்க தரவு என்று வகைப்படுத்துகிறது. அதைக் கையாள வெளிப்படையான சம்மதம் வேண்டும். மத்திய, மாநில அரசுகளை அந்தச் சட்டம் கட்டாது, உங்களைக் கட்டும். எங்கிருந்தோ இறக்கிய பாரத்தில் இருந்த கேள்வி என்பதற்காக அப்படியே அச்சடித்து, நிரப்பிய தாள்களைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறீர்களா, பாருங்கள். அமெரிக்காவில் ஹவாய் மாநிலம் 1998லேயே அந்தக் கட்டத்தை ஆரம்பப் பாரத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டது. வேலை தருவதென்று முடிவான பிறகு கேட்டுக்கொள்ளலாம். தோசை சுடுகிறவருக்கும் லாரி ஏற்றுகிறவருக்கும் நாய் லைசன்ஸ் பற்றிய கேள்வி எதற்கு?

சின்ன அபராதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கோலாலம்பூரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2018 ஏப்ரல் 28, பொதுத் தேர்தல் வேட்புமனு நாள். ‘பத்து’ என்ற தொகுதியில் எதிர்க்கட்சி வேட்பாளர் தியான் சுவாவின் மனு நிராகரிக்கப்பட்டது. காரணம், ஒரு வழக்கில் மேல்முறையீட்டுக்குப் பிறகு அவருக்கு நிலைத்த 2,000 ரிங்கிட் அபராதம். கூட்டரசு அரசியலமைப்பின் 48ஆவது விதி, 2,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம் என்கிறது. சரியாக 2,000 என்பது கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று நாடே விவாதித்தது. சுயேச்சையாக நின்ற 22 வயதுச் சட்ட மாணவர் பி. பிரபாகரனுக்கு எதிர்க்கட்சி ஆதரவு திரும்ப, அவர் நாடாளுமன்றத்துக்கே போய்விட்டார். 2022இல் அதே தொகுதியில் தியான் சுவாவையே தோற்கடித்தார் என்பது தனிக் கதை. என் கண்ணில் பட்டது அந்த 2,000. ஊராட்சிச் சட்டத்தின் 119ஆவது பிரிவின் உச்ச அபராதமும் அதே தொகைதான்.

தனி ஆள்களை விட்டு ஊரைப் பார்த்தால் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து ஃபெர்குசன் நினைவுக்கு வருகிறது. அங்கே மக்கள்தொகை ஏறக்குறைய 21,000. அந்நாட்டு நீதித் துறை 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கைப்படி, 2013ஆம் ஆண்டில் மட்டும் நகர நீதிமன்றம் 9,000க்கும் மேற்பட்ட பிடியாணைகளைப் பிறப்பித்திருந்தது. பெரும்பாலும் கார் நிறுத்தியது, போக்குவரத்துச் சீட்டு, வீட்டைச் சரியாக வைக்காதது போன்ற சில்லறை மீறல்கள். சீட்டுகள் எல்லோருக்கும் சமமாகவும் விழவில்லை. கறுப்பின மக்கள் மேல்தான் அதிகம் விழுந்தன. நம் ஊரை அதோடு ஒப்பிடவில்லை. ஆனால் நடைபாதையில் மேசை போடுகிறவரும், இரண்டு மோட்டாருக்கு மேல் நிறுத்த இடமில்லாத பிளாட்டில் இருக்கிறவரும்தான் எங்கேயும் சீட்டு வாங்குகிறார்கள். கேட் போட்ட வீட்டுக்குள் காரை நிறுத்துகிறவருக்கு யார் கம்பவுண்ட் எழுதப் போகிறார்கள்?

உங்களிடம் ஓர் உதவி. நீங்களோ உங்கள் பிள்ளைகளோ நிரப்பிய பாரத்தில் இந்தக் கேள்வி எந்த வாசகத்தில் இருந்தது என்று, பெயரையும் ஐ.சி. எண்ணையும் கம்பெனியின் பெயரையும் மறைத்து, படம் எடுத்து அனுப்புங்கள். மலாயில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் சரி. அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். வாசகங்களை ஒவ்வொன்றாக வைத்து, எது எதைக் கேட்கிறது, எதற்கு எப்படிப் பதில் எழுதலாம் என்று ஒரு வழக்கறிஞரிடமே விளக்கம் வாங்கிப் போடுகிறோம். மாதக் கடைசிக்குள் கிடைத்தால் நல்லது, அச்சகத்துக்கு ஐந்தாம் தேதி கொடுத்தாக வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்